லாசரின் ஆட்டத்தைப் பார்க்காத பத்துப் பேர்

திருவொற்றியூரில் ஒரு இரும்பு வார்ப்பு ஆலையின் டைம் ஆபீஸில் முப்பத்தோரு வருடம் இருந்தேன். யார் வந்தார், யார் வரவில்லை என்று எழுதுவதுதான் வேலை. இதிலெல்லாம் என்ன அனுபவம் சார் என்று இப்போதுள்ள பிள்ளைகள் கேட்கிறார்கள். ஒன்று சொல்கிறேன். எழுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது.

1. படம்

எங்கள் ஸ்டோர்ஸில் இருந்த லாசர் மஞ்சள் காமாலையில் இறந்துபோனான். ராயபுரத்துக்காரன், ஆறரை அடி. கம்பெனியின் பாஸ்கெட்பால் டீமுக்காகவே வேலைக்கு எடுக்கப்பட்டவன். முட்டி போனதும் ஆட்டத்தை விட்டான். மேல் ரேக் சாமானை ஏணியில்லாமல் எடுப்பான் என்று ஸ்டோர்ஸில் போட்டார்கள்.

சவப்பெட்டியை, வார்ப்புக்கு மர மாதிரி செய்யும் எங்கள் பேட்டர்ன் ஷாப் தச்சர்களே செய்தார்கள். வார்த்த இரும்பு ஆறும்போது சுருங்கும் என்பதால் அவர்களுடைய அளவுகோல் சாதாரணக் கோலைவிடக் கொஞ்சம் நீளம். பழக்கதோஷத்தில் அதை வைத்தே அளந்துவிட்டார்கள். பெட்டி முக்கால் அங்குலம் கூடிப்போனது. லாசருக்கு இப்போதுதான் காலை நீட்ட இடம் கிடைத்தது என்று ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டார்கள்.

மறுவாரம் ஷிப்ட் மாறும் நேரத்தில் கேன்டீனில் இரங்கல் கூட்டம். இருந்த ஒரே போட்டோ அடையாள அட்டைக்கு எடுத்தது. அதைப் பெரிதாக்கிக் கொண்டுவந்தார்கள். முகம் மட்டும்தான், ஆளின் உயரம் தெரியவில்லை என்று எல்லோருக்கும் குறை. யாரோ ஒருவர் படத்தைக் கூரையை ஒட்டி மாட்டிவிட்டார். லேபர் ஆபீசர் ஸ்டூல் மேல் ஏறித்தான் மாலை போட்டார். அதைப் பார்த்த பிறகுதான் ஜனங்களுக்குத் திருப்தி.

2. பேச்சு

லாசரைப் பற்றிப் பேசினால் ஒரு ஆட்டத்தைப் பற்றித்தான் பேசவேண்டும். ராயபுரம் சர்ச்சுக்குப் பின்னால் இருந்த சிமெண்ட் கோர்ட்டில் நடந்த பைனல், அவன் கடைசியாக ஆடியது. ஒரு பாயிண்ட் பின்தங்கியிருந்தோம். வீங்கிய முட்டியோடு கடைசி நிமிடத்தில் லாசர் பந்தைப் போட்டு ஜெயித்தான்.

கூட்டத்தில் பதினொரு பேர் பேசினார்கள். பதினொரு பேரும் அதை நேரில் பார்த்தவர்கள். ஒருவர் மாதா கோயில் சுவர்மேல் உட்கார்ந்து பார்த்தேன் என்றார். இன்னொருவர் கத்திக் கத்தித் தன் தொண்டை மூன்று நாள் கட்டிக்கொண்டதாகச் சொன்னார். பேசப்பேச கேன்டீனே அழுதது. எனக்கும் கண் கலங்கியது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த லேபர் ஆபீசர் என் பக்கம் சாய்ந்து, அந்த ஆட்டம் நடந்தது என்ன கிழமை என்று கேட்டார். அவர் வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்தவர். நானும் துக்கத்தில் யோசிக்காமல், "வியாழக்கிழமை சார், சாயங்காலம் நாலு மணிக்கு" என்றேன். வாய் முந்திக்கொண்டது. வியாழக்கிழமை நாலு மணி என்றால் செகண்ட் ஷிப்ட் நேரம். பேசிய பதினொரு பேரும் அப்போது ஆலைக்குள் வேலையில் இருந்திருக்கவேண்டியவர்கள்.

எங்கள் ஆலையில் கேட்டருகே ஒரு பலகையில் ஆளுக்கொரு பித்தளை டோக்கன் தொங்கும். வருபவர் தன் நம்பரை எடுத்துப் பெட்டியில் போடவேண்டும். சங்கு ஊதியதும் பெட்டியைத் திறந்து நான் எண்ணுவேன். ஒருவர் டோக்கனை இன்னொருவர் போட்டால் இருவருக்கும் வேலை போகும். கண்டும் காணாமல் விட்ட டைம்கீப்பருக்கும் போகும்.

பைனலுக்கு முந்தின நாள் லாசர் என்னிடம் வந்தான். எதிர் டீமுக்கு லாரி லாரியாக ஆள் வருகிறது, நமக்குக் கைதட்ட ஒருவரும் இல்லை என்றான். ஃபர்னஸ் ரிப்பேரில் இருந்ததால் மறுநாள் இரும்பு உருக்கும் வேலை கிடையாது. சங்குக்கு முன்னால் பெட்டிக்குள் என்ன விழுகிறதென்று எனக்கு எப்படித் தெரியும் என்று மட்டும் சொன்னேன். அவன் புரிந்துகொண்டு சிரித்தான். மறுநாள் நாலைந்து பேர் மட்டுமே வந்து கைப்பிடி கைப்பிடியாக டோக்கன் போட்டார்கள். நான் தலை குனிந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தேன். ரிஜிஸ்தரில் எல்லோரும் ஆஜர்.

3. காகிதம்

கூட்டத்துக்கு மறுநாள் லேபர் ஆபீசர் அந்த ரிஜிஸ்தரைக் கேட்டார். பேசிய பதினொரு பேரும் அன்று ஆஜர் என்று என் கையெழுத்தோடு இருந்தது.

"ஒன்று இது பொய், இல்லை அவர்கள் பேசினது பொய். எது?" என்றார்.

"துக்கத்தில் பேசினது சார். கேட்டதைப் பார்த்ததாகச் சொல்லுவார்கள்" என்றேன்.

அவர் ரிஜிஸ்தரை மூடினார். அப்படியானால் ஒவ்வொருவரும் அதை எழுதிக் கொடுக்கட்டும் என்றார். வாசகத்தை நான்தான் தயார் செய்தேன்: அந்த ஆட்டத்தை நான் பார்க்கவில்லை, பிறர் சொல்லக் கேட்டதையே பேசினேன். பத்துப் பேர் கையெழுத்துப் போட்டார்கள். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பதினொன்றாவது ஆள் காதர் பாய். வார்ப்புகளில் பிசிறு தேய்க்கும் கிரைண்டர், தண்டையார்பேட்டைக்காரர். காகிதத்தைப் படித்துவிட்டுத் திருப்பி நீட்டினார். ஐந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டு வம்பு எதற்கு என்று கெஞ்சினேன்.

"நீ கேட்ல குந்திகினு இருந்த நைனா. நீ பாக்கல, உனுக்கு எழுதறது ஈசி. ரெண்டு பேரு அவன் கைய புட்ச்சிகினு தொங்குறானுங்க. அவன் ரிங்க பாக்கக்கூட இல்ல, ஒத்தக் கையால தலைக்கு மேல எட்த்தாந்து போட்டான். அத நான் பாத்தேன். இப்போ அவனே இல்ல. நானும் பாக்கலன்னு எழுதிக் குட்த்தா அப்பால இன்னா கீது?"

வேறு காகிதம் கேட்டு வாங்கி அவரே எழுதினார். டோக்கனைத் தானே போட்டதாகவும், பிறகு பின்பக்கச் சுவர் ஏறிக் குதித்து ஆட்டம் பார்க்கப் போனதாகவும், இதில் வேறு யாருக்கும் சம்பந்தமில்லை என்றும் எழுதியிருந்தது. அவர் டோக்கனைப் போட்டது வேறொரு கை என்று எனக்குத் தெரியும். பெட்டிக்கு மூன்றடி தள்ளித்தான் நான் உட்கார்ந்திருந்தேன். என் வேலையைக் காப்பாற்ற அவர் ஒரு பொய் எழுதினார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் காகிதத்தை வாங்கிக்கொண்டேன்.

அனுமதியில்லாமல் வேலையிடத்தை விட்டுப் போனதாகப் பதினைந்து நாள் சஸ்பென்ஷன். முடிந்து வந்த அன்று டோக்கனைப் பெட்டியில் போட்டுவிட்டு, எப்போதும்போல டீ ஆச்சா நைனா என்று கேட்டுவிட்டுப் போனார்.

எனக்குப் பின்னால் வரும் டைம்கீப்பர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். பத்துப் பேர் வேலையைக் காப்பாற்றினேன் என்று கொஞ்ச நாள் பெருமையாக இருந்தேன். காப்பாற்றியது உண்மைதான். ஆனால் ஆபீஸ் ஃபைலின்படி லாசரின் கடைசி ஆட்டத்தை எங்கள் ஆலையில் பார்த்தவர் காதர் பாய் ஒருவர்தான். கேன்டீனிலும் அப்படியே ஆகிவிட்டது. லாசர் பேச்சு வந்தால் அவர் மட்டும் கையைத் தூக்கி, பந்து போன வழியைக் காட்டிச் சொல்வார். மற்ற பத்துப் பேரும் முதல் தடவை கேட்பவர்களைப்போல உட்கார்ந்து கேட்பார்கள்.