ஐஸ் பெட்டியில் வேதமணியின் ஊசி

எட்டயபுரத்துக்குத் தெற்கே கரிசல் காட்டுக்கு நடுவில் இருக்கிற அந்த ஊரில், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சீருடையில் பாதி வேதமணி தைத்ததுதான். அவளுக்கு முப்பத்தெட்டு வயது. தையல் மிஷின் ஓய்ந்தாலும் வாய் ஓயாது. நோயாளி என்று யாராவது சொன்னால் அளவு நாடாவாலேயே அடி விழும்.

நோய் இருந்தது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று பெயர். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே ஆள் தெரியாமல் நரம்பின் மேலுறையைக் கடித்து வைக்கும். வாரம் ஒரு ஊசி அதை அடக்கி வைக்குமே தவிர, தீர்த்துவிடாது. மூன்று வருஷத்துக்கு முன்னால், "நல்லாத்தான இருக்கேன்" என்று யாரையும் கேட்காமல் ஊசியை நிறுத்தினாள். நாலாம் மாசம் வலது கால் மரத்துப்போனது. மிஷின் பெடலில் வைத்த பாதம் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. பழையபடி மிதிக்க இரண்டு மாசத்துக்கு மேல் ஆனது.

அதிலிருந்து செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என்றால் ஊசிதான். போன வாரம் வலது தொடை என்றால் இந்த வாரம் இடது தொடை. காலண்டரில் குறித்து வைப்பாள். எதிர்ப்புச் சக்தி கூடும் என்று எவராவது கசாயத்தை நீட்டினால், "எனக்கு இருக்கதே கூடுதல், நீங்க குடிங்க" என்பாள்.

அவள் புருஷன் ஜேம்ஸ்ராஜ், தூத்துக்குடியில் மீன் எடுத்து, எக்ஸெல் வண்டியில் ஐஸ் பெட்டியைக் கட்டி ஊர் ஊராக விற்கிறவர். மீனைக் கெடாமல் வைப்பதில் இந்த வட்டாரத்திலேயே தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது அவருடைய சொந்த அபிப்பிராயம். ஊசியைக் கண்டால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பராமரிப்பு வேலைக்காகக் காலை ஒன்பது முதல் ஐந்து வரை கரண்ட் கிடையாது. வேதமணிக்குத் துணி எடுக்கக் கோவில்பட்டி போக வேண்டியிருந்தது. "பிரிட்ஜத் தொறக்காம இருங்க" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்.

ஜேம்ஸ்ராஜுக்கு மனம் கேட்கவில்லை. மீன் பெட்டியைத் தேய்த்துக் கழுவினார். புது ஐஸை உடைத்துப் போட்டார். மேலே இரண்டு கை கல்லுப்பு தூவினார். பிரிட்ஜில் நாலு ஊசி இருந்த அட்டைப் பெட்டியை எடுத்துப் பாலிதீன் பையில் சுற்றி, ஐஸுக்கு நட்ட நடுவில் புதைத்தார். விலை கூடிய விளமீனுக்குக்கூட அவர் அவ்வளவு மரியாதை செய்ததில்லை.

சாயங்காலம் வந்தவளிடம் பெருமையாகத் திறந்து காட்டினார். வேதமணி ஒன்றை எடுத்து ஆட்டிப் பார்த்தாள். உள்ளே மருந்து அசையவில்லை.

"ஏங்க, என்ன செஞ்சு வச்சிருக்கீங்க?"

"கரண்டு இல்லல்லா. கெட்டுறக் கூடாதேன்னுதான். உப்புப் போட்டா குளிரு கூடும்."

"கூடிப்போச்சு. கட்டியால்லா கெடக்கு."

"கட்டின்னா உருகிரும்ட்டி. மீனு உருகல?"

உருகத்தான் செய்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்; கலங்கல் இல்லை, கசடு இல்லை. உறைய விடக் கூடாது என்று அட்டையில் போட்டிருப்பதை அவள் நூறு தடவை படித்திருக்கிறாள். ஆனால் எதிரே அந்த மனுஷன் முகம் சுண்டிப்போய் நின்றிருந்தார். வேண்டாம் என்றால் அவர் மனது உடைந்துபோகும். ஊசி தவறினாலோ காலைப் பற்றிய பயம். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் தொடையைத் துடைத்துவிட்டாள். அதற்குமேல் கை போகவில்லை. திருநெல்வேலி ஆஸ்பத்திரி நர்ஸ் ஆஸ்லினுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, போட்றாதீங்க. உறைஞ்ச மருந்து பாக்கதுக்கு நல்லாத்தான் இருக்கும், வேலை செய்யும்னு நம்ப முடியாது. டாக்டர்ட்ட கேட்டுட்டுக் கூப்பிடுதேன்."

பத்து நிமிஷத்தில் கூப்பிட்டாள். "நாளைக்குப் புதுசு வாங்கிப் போடுங்க. விட்டுப்போச்சேன்னு ரெண்டாச் சேத்துப் போட்றக் கூடாது. இனிமே ஒங்களுக்குப் புதன்கிழமைதான் ஊசி நாள். கொண்டுபோகும்போது ஐஸ் பை மருந்துல ஒட்டாம துண்டு சுத்தணும்னு அண்ணன்ட்டச் சொல்லுங்க."

மறுநாள் ஊரில் யாருக்கும் மீன் இல்லை. கெட்டுப்போன நாலு ஊசியையும் ஆஸ்பத்திரியில் ஒப்படைக்க எடுத்துக்கொண்டு ஜேம்ஸ்ராஜ் முதல் பஸ்ஸிலேயே போய்விட்டார். மீன் வாங்க வந்த சத்தியபாமாவிடம், "இன்னைக்கு அவிய டாக்டருக்குப் படிக்கப் போயிருக்காவ" என்றாள் வேதமணி. திரும்பும்போது கயத்தாற்றிலிருந்து போன் வந்தது: "பை ஜில்லுன்னு இருக்கு. ஆனா ரொம்ப ஜில்லுன்னு இல்ல." கோவில்பட்டியிலிருந்தும் அதே தகவல் வந்தது.

சாயங்காலம் புது ஊசியைக் கையில் எடுத்தபோதுதான் அவள் சொன்னாள்.

"நேத்து குத்தியிருப்பேன் பாத்துக்கிடுங்க. ஒங்க மூஞ்சியப் பாத்துத்தான்."

சுவரைப் பார்த்து நின்றிருந்த ஜேம்ஸ்ராஜ் திரும்பினார்.

"என் மூஞ்சியவா பாத்த? எனக்காக இனி ஒருநாளும் தப்பா எதையும் போட்றாத. ஒனக்குக் காலு மரத்துக் கெடந்தப்ப, நீ உறங்குன பொறவு தெனமும் ஒன் பாதத்தக் கிள்ளிக் கிள்ளிப் பாப்பேன். ஒருநாளாவது காலை இழுக்க மாட்டியான்னு."

வேதமணிக்கு அது அன்றுவரை தெரியாது. உணர்ச்சியற்றுக் கிடந்த பாதம் அல்லவா. அவளுக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, இடது தொடையில் ஊசியைப் போட்டுக்கொண்டாள். ஜேம்ஸ்ராஜ் முகத்தைத் திருப்பாமல் பார்த்துக்கொண்டு நின்றார்.