மூணு விரல் இறக்கம்

பைக்கின் பின்சீட்டில் உட்காரவே எனக்குப் பயம். அப்போது ஏழாம் மாதம் வேறு. முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்தில் தங்காமல் போயிருந்ததால், வண்டன்மேட்டிலிருந்து கம்பத்துக்கு ஸ்கேனுக்குக் கிளம்பும்போதே ஜெபமாலையைக் கையில் எடுத்துவிடுவேன். ஜீப் தூக்கிப் போடும், பஸ் அதைவிட மோசம், நம்ம வண்டியில் மெதுவாகப் போய்விடலாம் என்றார் வீட்டுக்காரர்.

தோட்டத்திலிருந்து பச்சை ஏலக்காய் மூட்டைகளை உலர்த்தும் ஸ்டோருக்கு அவர் கொண்டுபோவது அந்த வண்டியில்தான். எங்கள் பக்கம் பலரும் செய்வதுபோல, சுமைக்காகப் பின்னால் தடித்த ஸ்பிரிங் போட்டிருந்தார். ஷாக் அப்சர்பரில் அந்த ஸ்பிரிங்கை இறுக்கவும் தளர்த்தவும் படிப்படியாகத் திருகும் வளையம் ஒன்று உண்டு. இறுக்கினால் மூட்டை ஆடாமல் வரும். பெண்டாட்டியும் அப்படியே வருவாள் என்று நினைத்த மகராசன், அன்று காலை எனக்காகவே அதைக் கடைசிப் படிவரை இறுக்கி வைத்தார். அன்பில் செய்ததுதான். அதனாலேயே எனக்கு இன்னும் ஆத்திரம்.

கம்பம்மெட்டு தாண்டி மலை இறங்கத் தொடங்கியதும் ஒவ்வொரு சின்னக் கல்லும் நேராக என் இடுப்பில் வந்து இடித்தது. ஒரு வளைவில் எதிரே லாரி வந்தது. இவர் பிரேக் பிடித்த நேரம் பின்சக்கரம் ஒரு குழியின் விளிம்பில் மோதி எகிறியது. தரையைத் தொட்டபோது வண்டி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய், தடுப்புச் சுவரை ஒட்டி நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் மரங்களின் உச்சி மட்டும் தெரிந்தது.

இறங்கி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காலையிலிருந்து புரண்டுகொண்டிருந்த பிள்ளை அசையவில்லை. அவரிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னால் உண்மையாகிவிடும் என்று பயந்தேன்.

வளைவில் டீ விற்றுக்கொண்டிருந்த அக்கா தண்ணீர் கொடுத்தார். இனி இந்த வண்டியில் ஏற மாட்டேன் என்றேன். இவர் பின்சக்கரத்தின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஆள் ஏறினால் வண்டியின் பின்பக்கம் மூன்று விரல் அளவாவது இறங்க வேண்டும், இறங்காவிட்டால் குழியில் சக்கரம் தரையைப் பிடிக்காது என்று ஸ்பிரிங் போட்ட அன்றே மெக்கானிக் சொன்னாராம். இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டிருக்கிறார்.

அக்காவின் விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவினார். வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி, சக்கரம் தொங்கும்போது அச்சிலிருந்து சீட்டின் அடிவரை அந்த ஈர்க்கை வைத்து ஒடித்தார். பிறகு ஸ்டாண்டை எடுத்துவிட்டு, இரண்டு பேரும் ஏறி உட்கார்ந்தால் ஈர்க்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்க்கும்படி அக்காவிடம் சொன்னார். ஏற மாட்டேன் என்றவள்தான், ஏறினேன். கம்பத்துக்குப் போயாக வேண்டுமே.

"ஒரு விரல்கூட இறங்கலையே தம்பி," என்றார் அக்கா.

நான் இறங்கினேன். அவரும் இறங்கி, ஸ்பேனரால் இரண்டு பக்க வளையத்தையும் ஒரே அளவாகத் தளர்த்தினார். ஸ்பேனர் வழுக்கிக்கொண்டே இருந்தது. மறுபடி இருவரும் ஏறினோம், இரண்டு விரல். இன்னும் தளர்த்தி ஏறியபோது மூன்று விரல் நன்றாகவே இறங்கியது. அவரும் அக்காவும் ஸ்பிரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒவ்வொரு தடவையும் வயிற்றில் கை வைத்துக் காத்திருந்தேன். ஒன்றுமில்லை.

கிளம்பினோம். அடுத்த குழியில் வண்டி அமுங்கி எழுந்தது, இடுப்பில் இடிக்கவில்லை. இப்ப எப்படி இருக்கு என்று பெருமையாகக் கேட்டார். வளைவுக்கு வளைவு மாதாவைக் கூப்பிட்டேன்.

அடிவாரத்தில் திராட்சைத் தோட்டங்கள் தொடங்கும் இடத்தில், விலா எலும்புக்குக் கீழே ஓர் உதை விழுந்தது. உடனே இன்னொன்று. நான் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்ததில் பதறிப்போய் ஓரங்கட்டினார்.

"அந்த வளைவுல இருந்து பிள்ளை அசையவே இல்லைங்க. இப்பத்தான் உதைக்குது," என்றேன்.

அவர் ஹேண்டில்பார்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். அழுத அழுகையில் வண்டி ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியது. நான் இறங்கி, அவர் அழுது முடிக்கும்வரை அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.