காலி ரூம் என்று சொன்ன புரோகிராம்

எங்கள் தொழிலில் தப்பு சத்தம் போடாது. பட்டாசுத் தொழிலில் போடும். சிவகாசியில் உட்கார்ந்து பட்டாசு கம்பெனிக்குப் புரோகிராம் எழுதினால் இரண்டும் ஒரே இடத்தில் வந்து சேரும். அடுத்தவர் ஜாவா மொழியில் எழுதிய புரோகிராமைத் திருத்திக் கண் எரிந்தவர்களுக்கு மட்டும் இதைச் சொல்கிறேன். மற்றவர்களுக்குப் பொறுமை இருக்காது. எனக்கே கிடையாது.

பேர் இல்லாத எக்ஸ்

பிளஸ் டூ முடித்ததும் ஹக்கீம் அண்ணன் கம்ப்யூட்டர் கடையில் சேர்ந்தேன். நாரணாபுரம் பக்கம் ஒரு கம்பெனிக்கு அவர் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தார். எந்த ரூமில் எவ்வளவு வெடிமருந்து இருக்கிறது என்று அது காட்ட வேண்டும். எந்த ரூமுக்கும் அளவுக்கு மேல் போய்விடக் கூடாது. திறந்து பார்த்தால் உள்ளே வைத்த பெயர்களெல்லாம் எக்ஸ் ஒன்று, எக்ஸ் இரண்டு என்று வரிசையாகப் போயின. எது எடை, எது ரூம் நம்பர் என்று கேட்டேன். அண்ணன் தலையைக்கூடத் திருப்பவில்லை.

"ஏலே, ரன் ஆகுதுல்ல? பேரு வைக்க இதென்ன பிள்ளையா?"

வாயை மூடிய எர்ரர்

எடை என்பது எண். ஜாவாவில் எண்ணுக்குத் தனி வகை இருக்கிறது. அதில் வேறு எதையாவது போட்டால், ஓடும் முன்பே புரோகிராமைச் சரிபார்க்கிற கம்பைலர் அங்கேயே பிடித்துக்கொள்ளும். அந்தத் தொல்லையே வேண்டாம் என்று அண்ணன் எல்லாவற்றையும் ஸ்ட்ரிங், அதாவது வெறும் எழுத்தாக, வைத்திருந்தார். கணக்குப் போடும் இடத்தில் மட்டும் எண்ணாக மாற்றுவார். மாற்ற முடியாவிட்டால் வரும் எர்ரரைப் பிடிக்கக் கேட்ச் என்று ஒரு பகுதி. பிடித்த பிறகு என்ன செய்வது என்று அதற்குள் ஒன்றுமே இல்லை. எடை பூஜ்யமாகவே நிற்கும். இது தப்பு அண்ணே என்றேன்.

"கஸ்டமர் முன்னாடி எர்ரரக் காட்டுனா ஆர்டர் போயிரும்லே. பேசாம இரு."

ஏழாம் ரூம்

சோதித்துப் பார்க்கக் கம்பெனி ஆபீசுக்கு என்னை அனுப்பினார். போர்மேன் முருகேசன் ஏழாம் ரூமுக்கு மருந்து கொடுத்துவிட்டு வந்து கம்ப்யூட்டரில் எடையை அடித்தார். ஐந்து என்று அடித்து, பக்கத்திலேயே கிலோ என்றும் அடித்தார். யாராக இருந்தாலும் அப்படித்தான் அடிப்பார்கள். கிலோ சேர்ந்ததால் அது எண்ணாக மாறவில்லை; புரோகிராம் ஒரு முனகல் இல்லாமல் அதை விழுங்கி, எடையைப் பூஜ்யமாக்கிவிட்டு, 'ரூம் 7 காலி, மருந்து அனுப்பலாம்' என்றது. வாசலில் நின்ற ஆள் திரையைப் படித்துவிட்டு அடுத்த லோடு எடுக்கக் கிளம்பினான்.

ஏழாம் ரூமில் உட்கார்ந்து பட்டாசுக் குழாய்களுக்குள் மருந்து செலுத்துகிறவர்களில் எங்கள் அம்மாவும் உண்டு.

"அனுப்பாதீங்க" என்றேன். முருகேசன் கையைக் காட்டி அந்த ஆளை நிறுத்தினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தெரியலைன்னா தெரியலைன்னு அதைச் சொல்லச் சொல்லுங்க தம்பி. காலின்னு சொல்லலாமா?"

நாற்காலி நகர்ந்தது

கடைக்கு வந்ததும் நேராகச் சொல்லிவிட்டேன்: இதை இப்படியே கொடுத்தால், வாங்காதீங்க என்று கம்பெனியில் நானே போய்ச் சொல்வேன், வேலை போனால் போகட்டும், எங்கம்மா அங்கன உட்கார்ந்திருக்கு. மறுநாள் கொடுக்க வேண்டிய ஆர்டர் அது. அண்ணன் முகம் சிறுத்துவிட்டது. பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

"எடைய வச்சிருக்க அந்த எக்ஸ் ஏழுக்கு என்ன பேருலே வைக்கலாம்?"

அம்மாவின் கேள்வி

எடைக்குத் தனி வகை செய்தோம். எண்ணைத் தவிர எதையும் அது வாங்காது. தெரியாத ரூமுக்குப் பூஜ்யம் கிடையாது. 'தெரியவில்லை, அனுப்பாதே' என்று சிவப்பில் நிற்கும். ஆர்டர் தள்ளித்தான் போனது. நடந்ததை வீட்டில் நான் சொல்லவில்லை.

புரோகிராம் ஓடத் தொடங்கிய பிறகு ஒருநாள் அம்மா எரிச்சலோடு வந்தாள். ஆபீசில் யாரோ எடையைத் தப்பாக அடித்ததில், திருத்தும்வரை ஏழாம் ரூமுக்கு மருந்தே வரவில்லையாம். எல்லாரும் சும்மா உட்கார்ந்திருந்தார்களாம். எனக்குச் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"சீசன் நேரத்துல நில்லு நில்லுங்குது. ஒங்க கடையில எந்தக் கிறுக்கன்லே அதை எழுதுனது?"

ஒழுங்காக எழுதிய புரோகிராமுக்குக் கிடைக்கிற பேர் இதுதான். சோற்றைப் பிசைந்தபடி அந்தப் பேரை வாங்கிக்கொண்டேன்.