பூமயில் இடத்தில் கருத்தம்மாள்

கருத்தம்மாளுக்கு வலது கை மணிக்கட்டோடு போனது ஐம்பத்தெட்டாம் வருஷம். இராமநாதபுரத்தில், பருத்தியில் கொட்டை பிரிக்கிற மில்லில், மிஷினுக்குள் போய்விட்டது. அவள் மனுவை எழுதியவன் நான். தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிப் பிழைக்கிறவனுக்குச் சட்டம் தெரியும் என்ற திமிர் எனக்கும் இருந்தது. "வேலையில அடிபட்டா முதலாளி நஷ்டஈடு குடுத்தே தீரணும், தங்கச்சி. அதுக்குத்தானே இன்சூரன்ஸ் கட்டி வச்சிருக்காக" என்று அடித்துச் சொன்னேன்.

புருஷனை இழந்த கருத்தம்மாள் இரண்டு பெண்பிள்ளைகளோடு நாத்தனார் பூமயில் வீட்டில் இருந்தாள். மில் வேலை பூமயிலுடையது. பூமயிலின் மாமனார் செத்துப்போக, பதினாறு கழியும்வரை அவள் வேலைக்குப் போகக்கூடாது. அத்தனை நாள் நின்றால் மேஸ்திரி அந்த இடத்தை வேறொருத்திக்குக் கொடுத்துவிடுவான். எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு வழி உண்டு. அதே வீட்டிலிருந்து, அந்தத் தீட்டு இல்லாத இன்னொருத்தி போய் இடத்தைக் காப்பாள். காலையில் மேஸ்திரி "பூமயில்" என்று கூப்பிட, கருத்தம்மாள் "இருக்கேன்" என்பாள். அவனுக்கும் தெரியும். தலை எண்ணிக்கை சரியாக இருந்தால் அவனுக்குப் போதும். ஒன்பதாம் நாள் கை போயிற்று.

நஷ்டஈடு விசாரணைக்கு மதுரையிலிருந்து ஆபீசர் வந்தார். இன்சூரன்ஸ்காரர் பதிவேட்டைப் புரட்டி, "கருத்தம்மாள்னு யாரும் வேலை பார்க்கலியே" என்றார். இந்தப் பொம்பளையை நான் பார்த்ததே இல்லை என்று மேஸ்திரி கூசாமல் சொன்னான். ஆபீசர் நல்ல மனிதர்தான். "பேர் எதுவா வேணா இருக்கட்டும். அன்னைக்கு மிஷின்ல நின்னது யாரு? பூமயில் சொல்லட்டும், போதும்" என்றார்.

மில் மானேஜர் சாவகாசமாகச் சொன்னார்: "தாராளமா சொல்லட்டும். ஆள் மாத்தி அனுப்பினவளுக்கு நாளையிலேர்ந்து வேலை கிடையாது."

பூமயில் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். வானம் பொய்த்த வருஷம் அது. அந்த வீட்டில் ஏழு வயிற்றுக்கு அவள் கூலி ஒன்றுதான். நஷ்டஈடு எப்போது வரும், எவ்வளவு வரும் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

"மதினிதான்யா..." என்று பூமயில் ஆரம்பித்தாள்.

"நீ சும்மா இரு" என்றாள் கருத்தம்மாள். ஆபீசர் பக்கம் திரும்பினாள். "நான் வேலைக்குப் போகலைங்கய்யா. இவதான் வேலை பாத்தா. கஞ்சி குடுக்கப் போன எடத்துல நானாத்தான் கைய விட்டுட்டேன்."

ஆபீசர் இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் அதையே சொன்னாள். வாக்குமூலத்தைப் படித்துக்காட்டும் வேலை என் தலையில் விழுந்தது. பொய் என்று தெரிந்தே வரி விடாமல் படித்தேன். அவளுடைய இடது பெருவிரலை மையில் உருட்டிக் காகிதத்தில் வைத்ததும் நான்தான். என் கையாலாகாத்தனத்தை அன்றைக்குப்போல் என்றும் நான் வெறுத்ததில்லை.

வெளியே வந்ததும் அவள்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள். "கோவிச்சுக்கிறாதீகண்ணே. நீங்க நல்லாத்தான் எழுதியிருந்தீக."

பிறகு பூமயிலிடம் சொன்னாள்: "அழுதுக்கிட்டு நிக்காத. இப்பப் போனா அரைநாளாச்சும் கெடைக்கும்."

பூமயில் போனாள். கை போன மிஷினில்தான் அவளுக்கு வேலை.