உள்ளே வராத பக்தர்

தையல்காரியின் வீட்டுக்காரருக்கு ஐம்பதை நெருங்கும்போது திடீரென்று பக்தி வந்தது. அதுவும் எப்போது? இருந்த வீட்டைக் காலி செய்து, மூட்டை முடிச்சைக் கட்டி, குடும்பம் மொத்தமும் நாட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கிளம்பிய பிறகு. அதுவரை, சாமி கும்பிட வாங்க என்று யாராவது கூப்பிட்டால், "சாமிக்கு ஆயிரம் வேலை இருக்கும், நாம வேற எதுக்குத் தொந்தரவு பண்ணணும்" என்று சொல்லிவிட்டு வண்டியைத் துடைக்கப் போகிற மனிதர் அவர்.

வண்டி என்பது பழைய பள்ளிக்கூட வேன். எத்தனையோ வருஷம் அதில்தான் ஊர்ப் பிள்ளைகளை ஏற்றி இறக்கினார். பள்ளிக்கூடத்தை இழுத்து மூடியபோது, இனி ஓடாது என்று நிர்வாகம் அந்த வேனை அவர் தலையிலேயே கட்டிவிட்டது. அவர் அதை ஓட வைத்தார். பக்கவாட்டிலிருந்த பள்ளிக்கூடப் பெயரைச் சுரண்டிப் பார்த்தார்கள், பாதிதான் போனது. இப்போது அதன் கூரை மேல் கட்டில், பாத்திரம், தையல் மெஷின் எல்லாம் தார்ப்பாய்க்கு அடியில் இருந்தன. உள்ளே மாமனார், கொழுந்தன், ஓரகத்தி, இரண்டு வீட்டுப் பிள்ளைகள் ஏழு பேர். போகிற இடத்தில் ஒரு நூற்பாலையில் ஷிப்ட் பஸ் ஓட்டும் வேலை அவருக்குக் கிடைத்திருந்தது. கூடவே குடியிருக்கப் பெரிய வீடு. அந்த ஒரு வேலையை நம்பித்தான் அத்தனை வயிறும் கிளம்பியிருந்தன.

முதல் நாள் வெயில் சாய ஆரம்பித்ததும் ஒரு மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்தினார். "பாறையைக் குடைஞ்சு துறவிங்க கட்டின மடமாம். ஆயிரம் வருஷம் பழசாம். பக்கத்துலயே தங்க இடம் இருக்கு. பார்த்துட்டு இங்கயே படுத்துடலாம்" என்றார். மறுநாள் அதே போல வெயில் சாய்கிற நேரத்தில் ஏதோ ஒரு மகானின் சமாதி. எந்த மதம், எந்தச் சாமி என்கிற பேதமெல்லாம் அவருக்குக் கிடையாது. பழசாக இருக்க வேண்டும், பக்கத்தில் தங்க இடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஓரகத்திக்கு வாய் சும்மா இருக்காது. "அக்கா, கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்னு சொல்வாங்களே, நம்ம அத்தான் கதை அதுதான்" என்றாள். மாமனார் முதல் கடைக்குட்டி வரை சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. முகம் செத்துப்போய், மேற்கே எவ்வளவு வெளிச்சம் மிச்சமிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். தையல்காரி அதைக் கவனித்தாள்.

அவள் இன்னொன்றையும் கவனித்தாள். இவ்வளவு பக்தியோடு நிறுத்துகிற மனிதர் மடத்துக்குள் காலடி வைக்கவில்லை. மேலே சாமான் இருக்கிறது, நான் காவல் என்று வேனிலேயே உட்கார்ந்துவிட்டார். அதனால் சமாதியில் அவள் முந்திக்கொண்டாள். "சாமானைத் தம்பி பார்த்துப்பான். நீங்க வாங்க." வேறு வழியில்லாமல் வாசல்வரை வந்தார். உள்ளே ஒரே ஒரு விளக்கு. நிலைக்கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, காலை முன்னால் விட்டுத் துழாவினார். கொலுசை மாட்ட நடுவழியில் உட்கார்ந்திருந்த அவர்களுடைய சின்ன மகள்மேல் நேராகப் போய் மோதினார்.

"பார்த்து வாங்கப்பா."

"நடுவழியில எதுக்கு உட்கார்றே?" என்று எரிந்து விழுந்துவிட்டு வந்த வழியே திரும்பினார். குழந்தைமேல்தான் விளக்கு வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது.

பகலில் தையல்காரி ஊசியில் நூல் கோர்க்கத் திணறினால் ஒரே தடவையில் கோர்த்துக் கொடுக்கிறவர் அவர். அதனால் கண்ணில் கோளாறு என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. இப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. இருட்டினால் கடைக்குப் போகமாட்டார், அலுப்பு என்பார். மின்சாரம் போனால் இருந்த இடத்தைவிட்டு அசையமாட்டார். மாலைக்கண். மனிதர் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார். அவளிடம்கூடச் சொல்லவில்லையே என்று கோபம் வந்தது. கோபத்துக்குப் பின்னாலேயே பயம் வந்தது. ஷிப்ட் பஸ் என்றால் ராத்திரி ஷிப்டும் சேர்த்துத்தானே? அந்த பஸ்ஸில் ஏறப்போகிறவர்களுக்கும் வீடு வாசல், பிள்ளை குட்டி இருக்குமே.

கொழுந்தனுக்கு நன்றாக ஓட்டத் தெரியும். அண்ணனிடம் கற்றுக்கொண்டு சரக்கு ஆட்டோ ஓட்டியவன்தான். ஆனால் அண்ணன் உயிரைக் கேட்டால் கொடுப்பார், ஸ்டியரிங்கைக் கொடுக்கமாட்டார். மறுநாள் காலையில் அவள் நைசாகக் கேட்டுப் பார்த்தாள்.

"தம்பிகிட்ட கொஞ்ச நேரம் கொடுங்களேன். முதுகு வலிக்கும்ல?"

"என் முதுகு உன்கிட்ட வந்து சொல்லுச்சா?"

ஒரு ஆளின் பிழைப்பை நாலு பேர் முன்னால் போட்டு உடைக்க அவளுக்கு மனசு வரவில்லை. அவராகவே சொல்லட்டும் என்று, வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாம் நாள் அவர் கணக்குத் தப்பியது. மலைமேல் ஒரு பழைய கல்மண்டபம், சுவரெல்லாம் ஓவியம். பிள்ளைகள் கேட்டார்கள் என்று மத்தியானம் நிறுத்தினார். அங்கே தங்க இடமில்லை, மலை இறங்கி டவுனுக்குத்தான் போக வேண்டும், அரை மணியில் கிளம்பிவிடலாம் என்றுதான் சொன்னார். ஆனால் அவர் பிடித்து வைத்த பக்தி இதற்குள் குடும்பத்துக்கே தொற்றியிருந்தது. சாயங்காலம் விளக்கேற்றினால் ஓவியங்கள் உயிரோடு நிற்பது போல இருக்கும் என்று யாரோ சொல்ல, மாமனார் தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். வெளியே ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

"ஏண்டா பறக்கறே? வழியெல்லாம் நிறுத்தினது நீதானே? எனக்குப் பிடிச்ச இடத்துல மட்டும் அவசரமா?" என்று மாமனார் மகனை அடக்கினார்.

தையல்காரி ஒவ்வொருவராகக் கெஞ்சிக் கிளப்புவதற்குள் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டது. அவள் வேனுக்கு ஓடினாள். "தம்பி ஓட்டட்டுமே" என்றாள், மற்றவர்களுக்குக் கேட்காமல். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல், "ஏறு" என்றார்.

மாமனாரின் முன் சீட்டை, தலை சுற்றுகிறது என்று சொல்லி அவள் வாங்கிக்கொண்டாள். இறக்கம் ஆரம்பித்ததும் பேச ஆரம்பித்தாள்.

"இடது பக்கம் பாருங்க, எவ்வளவு பெரிய பாறை. ரோட்டையே தொடுது. அதைத் தாண்டினதும் வலது பக்கம் திரும்புது பாருங்க. எதிர்ல ஒரு பைக் வருது. அம்மாடி, என்ன பள்ளம்."

ஓட்டும்போது யாராவது ஒரு வார்த்தை பேசினால் வள்ளென்று விழுகிறவர் அவர். இப்போது வாயைத் திறக்கவில்லை. அவள் வலது என்றால் ஸ்டியரிங் வலது பக்கம் போயிற்று, பள்ளம் என்றால் பிரேக்கில் கால் போயிற்று. தனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரிந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. அவள் பேச்சை நிறுத்தவில்லை.

"அக்கா, அத்தானுக்கே வண்டி ஓட்டச் சொல்லித் தரீங்களா?" என்று பின்னாலிருந்து ஓரகத்தி கேட்டாள். பிள்ளைகள் சிரித்தார்கள்.

அடுத்த வளைவில் ஒரு பஸ் முகத்துக்கு நேராக விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தது. அவளுக்கே கண் கூசியது. பஸ் கடந்ததும் எதிரே ஒரு லாரியின் முதுகு. பழுதாகி நின்ற லாரி, ஒரு விளக்குக்கூட இல்லை. வேன் அதை நோக்கிச் சாவகாசமாகப் போய்க்கொண்டிருந்தது.

"நிறுத்துங்க!" என்று கத்தி அவர் கையைப் பிடித்து இழுத்தாள். பிரேக் கிறீச்சிட்டது. மேலே தையல் மெஷின் இடம் பெயர்ந்து தடால் என்று மோதியது. வேன் நின்றபோது, கையை நீட்டினால் லாரியைத் தொட்டுவிடலாம்.

பிள்ளைகள் அழ ஆரம்பித்தார்கள். மாமனாருக்குப் போன உயிர் திரும்பியதும் கோபமும் கூடவே வந்தது. "ஏம்மா, வாயை வச்சுக்கிட்டுச் சும்மா வரமாட்டியா? கிளம்பினதிலிருந்து தொணதொணன்னு. அவன் கவனம் எப்படி நிக்கும்? இத்தனை பேரையும் கொன்னிருப்பியே."

"ஓட்டறவர் கையைப் பிடிச்சு இழுக்கலாமா அண்ணி?" என்றான் கொழுந்தன். "நானும் பார்த்தேன், இழுத்தாங்க" என்றாள் ஓரகத்தி.

ஒரே ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தை அவள் தொண்டைவரை வந்தது. பக்கத்தில் ஸ்டியரிங்கை இன்னும் விடாமல் பிடித்திருந்த கைகளைப் பார்த்தாள். "தப்புதான் மாமா" என்றாள். அழுகையை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவர் எஞ்சினை அணைத்தார். சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினார். வேனின் பக்கவாட்டைத் தடவித் தடவி, பாதி சுரண்டிய பள்ளிக்கூடப் பெயரையும் தடவிக்கொண்டு பின்கதவை நோக்கி வந்தார். நடுவில் கால் சாலையோரப் பள்ளத்தில் இறங்கித் தடுமாறினார். கொழுந்தன் குதித்து ஓடிவந்து பிடித்துக்கொண்டான்.

"என்னண்ணே? என்ன ஆச்சு?"

"அவளை யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க." தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டார். "இருட்டினா எனக்குக் கண்ணு தெரியாதுடா. ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. மேலேருந்து இதுவரைக்கும் வண்டியை நான் ஓட்டல, அவ வாய்தான் ஓட்டிச்சு. அவ கையை இழுக்கலைன்னா நாம யாரும் இல்ல."

"அப்போ அந்த மடம், சமாதி எல்லாம்..." என்று ஆரம்பித்த ஓரகத்தி பாதியில் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமனார் தலையைக் குனிந்துகொண்டார்.

"இந்தா சாவி" என்றார் அவர் தம்பியிடம். "ஆலையில போய் உன்னை எடுத்துக்கச் சொல்லிக் கேட்கலாம். எனக்குப் பகல்ல ஏதாவது கொடுத்தா செய்யறேன். இல்லைன்னா மெஷின் ஊசியில நூல் கோர்த்துக் கொடுத்துட்டு இருக்கேன்."

கொழுந்தன் ஓட்டினான். மாமனார் முன் சீட்டுக்குப் போனார். வீட்டுக்காரர் பின்னால், பள்ளிக்கூடப் பிள்ளைகள் உட்கார்ந்த சீட்டில், அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். சொந்த வண்டியில் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

"எப்பத்திலிருந்து தெரியும்?"

"நேத்திலிருந்து. வாசல்வரை வந்துட்டு நீங்க உள்ள வரலையே."

"கேட்டிருக்கலாமே."

"கேட்டா சொல்லியிருப்பீங்களா?"

வேன் இரண்டு மூன்று வளைவுகள் இறங்கியது. அவர் மெல்ல அவள் பக்கம் சாய்ந்தார்.

"ஏன் பேச்சை நிறுத்திட்டே? வெளியில என்ன இருக்கு, சொல்லிக்கிட்டே வா."

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னலை முழுக்கத் திறந்தாள். "இடது பக்கம் மரமா இருக்கு. கீழே டவுன் தெரியுது, விளக்கு விளக்கா" என்றாள்.

"நிறைய இருக்கா?"

"நிறைய" என்றாள். டவுன் வரும்வரை அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். யாரும் அவளை வாயை மூடச் சொல்லவில்லை.