மரத்தடியில் கிடந்த பிளாக்

சமயநல்லூரில் நாங்கள் சிறிய பம்புசெட் எஞ்சின் செய்யத் தொடங்கிய நாளிலிருந்து சரக்கு எடுத்துவருவது என் பொறுப்பு. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். நாலு பேர் முன்னால் பேசக் கூச்சம். ஆனாலும் சரக்கில்லாமல் பட்டறையை நான் நிற்கவிட்டதில்லை.

சிலிண்டர் பிளாக்கை வார்த்துத் தந்தவர் ஆனையூர்ப் பக்கம் பவுண்டரி வைத்திருந்தவர். முதல் வருடம் லோடு லோடாக அனுப்பினார். வேப்பமரத்தடியில் குவித்து வைத்து, தேவைப்படும்போது உள்ளே எடுப்போம். பிறகு இரும்புக்குத் தட்டுப்பாடு வந்தது. பிளாக்குகள் கொஞ்சம் கொஞ்சமாக, சூடு ஆறியும் ஆறாமலும் வந்தன. வண்டியிலிருந்து இறக்கியதுமே கடைசலுக்கு ஏற்றினோம். அந்த வேகத்தில் எங்களுக்குப் பெருமைதான்.

அப்படிச் செய்த எஞ்சின்கள் புகை கக்கிக்கொண்டு திரும்பி வந்தன. பிரித்துப் பார்த்தால், பிஸ்டன் ஓட வட்டமாகக் கடைந்த துளை கோணியிருந்தது. கோடைக்குள் எஞ்சின் தருவதாகச் சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்கால்காரர்களிடம் முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார்.

"கண்ட காயலாங்கடை இரும்பையும் போட்டு வார்த்திருக்கீரு" என்று அவர் பவுண்டரிக்காரரிடம் போனில் கத்தினார்.

பவுண்டரிக்காரர் மறுநாளே ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். முதலாளி அறையை விட்டு வெளியே வரவில்லை. நான்தான் எதிரே நின்றேன். இவர் கைவிட்டால் எங்கள் பட்டறையை மூட வேண்டியதுதான். அந்தத் தட்டுப்பாட்டில் வேறு யாரும் எங்களுக்கு வார்த்துத் தரமாட்டார்கள்.

மரத்தடியில் கிடந்த ஒரு பிளாக்கைக் காலால் தட்டினார். "இது கோணுச்சுன்னு நீங்க கழிச்சதா மாப்ள?"

"ஆமாண்ணே. பொங்கலுக்கு முன்னாடி."

"இதையே பெரிய பிஸ்டனுக்குக் கடைஞ்சு ஓட்டுங்க. உங்க கடைசல் மிஷின் ஆடுற ஆட்டத்த நானே பாக்குறேன். மறுபடியும் கோணுச்சுன்னா மிஷின்தேன். அதுக்கப்புறம் எங்கிட்ட வராதீக."

கடைந்து, சில நாள் ஓட்டி, அவர் முன்னாலேயே பிரித்தோம். துளை வட்டமாகவே இருந்தது. முதலாளியும் அறையிலிருந்து வந்து எட்டிப் பார்த்தார். புதிதாக வந்த பிளாக் ஒன்றையும் அதே மிஷினில் கடைந்து ஓட்டினோம். அது கோணியது. இரண்டும் தட்டுப்பாட்டில் வார்த்த ஒரே இரும்பு, கடைந்ததும் ஒரே மிஷின். இரும்பு மேலும் குற்றமில்லை, மிஷின் மேலும் குற்றமில்லை. இருவரும் இரண்டு பிளாக்கையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

குவித்தவன் நான் என்பதால் வாய் திறந்தேன். "அண்ணே, மொத வருசம் எல்லாமே இங்கன வெயில்லயும் மழையிலயும் கிடந்துதேன் உள்ள போச்சு. இந்தக் கழிச்ச பிளாக்கும் அப்படிக் கிடந்ததுதேன்."

பவுண்டரிக்காரர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "பெரிய மிஷினுக்கு வார்க்குறதெல்லாம் அப்படித்தேன் போட்டு வைப்போம். வார்த்து ஆறுறப்ப உள்ள பிடிக்கிற இறுக்கம் விடணும்ல. இம்புட்டுக்காணு பிளாக்குக்கும் வேணும்னு யாரு நெனச்சா?"

"தொழில்ல எல்லாருக்கும் தெரிஞ்சதத்தேன் நாம மறந்துருக்கோம்" என்றார் முதலாளி. டீ வந்தது. மேலோட்டமாகக் கடைந்து, கிடப்பில் போட்டு, கடைசியில் அளவுக்குக் கொண்டுவருவது என்று டீ குடித்தபடியே முடிவானது. அப்படிச் செய்தால் கோடை தாண்டிவிடும். அதைச் சோழவந்தானில் யார் சொல்வது? இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

பஸ்ஸில் போனேன். கொடிக்காலில் நின்ற பெரியவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "இரும்பு படுத்துத் தூங்கணுமாக்கும். எங்க வெத்தில அதுவரைக்கும் தண்ணி கேக்காதா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"இப்பவே வேணும்னாலும் தாரோம்ணே. ஆனா பொக கக்குதுன்னு நீங்களே திருப்பித் தூக்கிட்டு வருவீக; பொறுத்தா ஆடியில நல்லதாத் தாரோம். அதுவரைக்கும் எங்க பழைய எஞ்சினச் சரிபண்ணி இங்கன வச்சுட்டுப் போறேன்."

அறிமுகமில்லாதவர்களிடம் அதுவரை நான் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. பெரியவர் வெற்றிலைக் கொடிகளைத் திரும்பிப் பார்த்தார். "பழசு ஓடுமா?"

"ஓடும். நின்னா நானே வாரேன்."

நிற்கவில்லை. ஆடியில் புது எஞ்சின்களை இறக்கினோம், ஒன்றுகூடத் திரும்பவில்லை. பவுண்டரிக்காரர் இன்றும் எங்களுக்குத்தான் வார்க்கிறார். வேப்பமரத்தடியில் பிளாக்குகள் துருவேறிச் செம்மண் நிறத்தில் கிடக்கின்றன. வேலைக்குப் புதிதாக வருபவர்கள் பதறிப்போய்த் தார்ப்பாய் எடுத்து வருவார்கள். வேண்டாம் என்று உரக்கவே சொல்லித் திருப்பி அனுப்புவேன்.