வெளிவழி வால்வு

என்னோடு படித்தவர்களெல்லாம் மாதாப்பூர் சாஃப்ட்வேர் கம்பெனிகளின் ஏசி அறைகளில் உட்கார்ந்துவிட்ட காலம் அது. நான் மட்டும் கம்ப்ரஸர் செய்யும் கம்பெனியில் காதடைக்கத் திரிந்துகொண்டிருந்தேன். அதில் எனக்குத் திமிர்கூட உண்டு. நானே கணக்குப் போட்டு வரைந்த முதல் கூலர், போலாரம் தாண்டி ஒரு தொழிற்சாலையில் ஓடிக்கொண்டிருந்ததே! கம்ப்ரஸரிலிருந்து சுடச்சுட வரும் காற்று அதன் குழாய்களுக்குள் போகும். சுற்றி ஓடும் தண்ணீர் அதைக் குளிரவைக்கும்.

கோடையில் ஒரு காலை போன் வந்தது. கூலருக்குள் சம்மட்டி அடிக்கிற சத்தமாம், கம்ப்ரஸர் சூடேறி நின்று நின்று போகிறதாம்.

"சாயங்காலத்துக்குள்ள சரியாகலைன்னா உங்க கூலரைக் கழட்டிப் போட்டுடுவேன்" என்றார் அங்கே பராமரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவர். மாரெட்பள்ளியில் இரண்டு தலைமுறையாக இருக்கும் தமிழர்.

ஸ்கூட்டரை விரட்டினேன். வாசலிலேயே டம் டம்மென்று கேட்டது. தண்ணீர் வெளியேறும் குழாயில் ஆவி. உள்ளே தண்ணீர் கொதிக்கிறது! தண்ணீர் வரும் பக்கத்து வால்வைப் பார்த்தேன். முக்கால்வாசி மூடியிருந்தது.

"யார் சார் இதை மூடினது? கொஞ்சமாவது அறிவு வேண்டாமா?"

பக்கத்தில் நின்ற தெலுங்கு ஆபரேட்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

"கத்த நக்கோம்மா, கத்தாதே" என்றார் பராமரிப்புக்காரர், ஊர்ப் பேச்சு கலந்த தமிழில். "தொட்டியில தண்ணி கம்மி, மத்த மெஷினுக்கும் இதே பம்ப்தான். அதான் குறைச்சிருக்கார்."

மெஷினை நிறுத்தி ஆறவிடச் சொன்னேன். காத்திருந்தபோதுதான் பளிச்சென்று பிடிபட்டது. வரும் வழியைத் திருகினால் கூலருக்குள் அழுத்தம் போய்விடுகிறது, தண்ணீர் சீக்கிரம் கொதிக்கிறது. வரும் வழியை முழுவதும் திறந்து, போகும் வழியை அளவாகத் திருகினால்? ஓடுகிற தண்ணீர் அதே அளவுதான். ஆனால் பம்பின் அழுத்தம் உள்ளேயே நிற்கும். வெயிட் போட்ட குக்கரில் தண்ணீர் அவ்வளவு லேசில் கொதிக்காதே, அந்தக் கதைதான்.

"முழுசா மட்டும் மூடிடக்கூடாது சார்!" என்று கத்திக்கொண்டே வரும் வழியைத் திறந்து, போகும் வழியைத் திருகினேன். கம்ப்ரஸர் ஓடியது. பத்து நிமிடம், இருபது, அரை மணி. சத்தமே இல்லை.

"ஹவ், ஆமாம்மா, நின்னுடுச்சு!" என்று பராமரிப்புக்காரர் கை தட்டினார். நான் குதித்தேவிட்டேன், சத்தியமாக.

"இனிமேலாவது வெளிவழி வால்வைத் திருகச் சொல்லுங்க சார்."

ஆபரேட்டர் எண்ணெய்க் கறை படிந்த கூலர் கையேட்டைக் கொண்டுவந்து விரித்தார். தண்ணீர் அளவை உள்வழி வால்வில் குறைக்கவும் என்று இருந்தது. வீட்டுக் குழாயைத் திருகிப் பழகிய புத்தியில் எழுதியது. கீழே என் கையெழுத்து.

"யாருக்கும்மா அறிவு வேணும்னு சொன்னே?" என்றார் பராமரிப்புக்காரர்.

"எனக்குத்தான் சார்." சிரிப்பும் வந்தது, வெட்கமும் பிடுங்கித் தின்றது.

ஆபரேட்டரிடம் எனக்குத் தெரிந்த தெலுங்கில், "தப்பு நாதேனண்டி" என்று தப்பு என்னுடையதுதான் என்பதைச் சொன்னேன். அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். அந்த வரியை அடித்துத் திருத்தி எழுதி, அவர் கண்முன்னாலேயே மறுபடி கையெழுத்துப் போட்டேன்.